வார்ப்பிரும்பு புல்லட்டை வீட்டிலேயே மீட்டெடுத்தல்

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350இன் பழைய எஞ்சினுக்கு மெக்கானிக்குகளிடம் ‘காஸ்ட் அயர்ன்’ என்றே பெயர். சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான வடிவமைப்பு இது. 1950களில் இந்திய ராணுவம் இந்த வண்டிக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலை மட்டுமே அங்கு நடந்தது. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் உள்ளூரிலேயே தயாராகின. தாய் நிறுவனம் 1970இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே எஞ்சின், அடிப்படை மாறாமல், புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை வார்க்கப்பட்டு வந்தது.

வீட்டில் மீட்டெடுக்க நினைப்பவருக்கு இந்த நீண்ட ஆயுள் பெரிய உதவி. 1960களின் வண்டிக்குத் தேவைப்படும் பல பாகங்கள் 1990களின் வண்டியிலிருந்து பொருந்தும். சென்னையின் ஜி.பி. ரோட்டில் புதிய உதிரிகளும் புதுப்பேட்டையில் கழற்றிய பழையவையும் கிடைக்கின்றன. எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனிப் பெட்டிகள் என்பதால் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைப் பிரிக்கலாம். எளிய மேசை, வெளிச்சம், காற்றோட்டம் உள்ள இடம் இருந்தால் வேலையில் பெரும்பகுதியை அங்கேயே முடித்துவிடலாம்.

பல பத்தாண்டுகள் ஓடிய வண்டியிலும், அதில் பாதிக் காலம் ஓடாமல் நின்ற வண்டியிலும் சீர்கேடு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது தேய்மானம்: உரசும் பரப்புகள் மட்டும், ஓடிய தூரத்துக்கு ஏற்ப இழக்கும் உலோகம். இரண்டாவது அரிப்பு: ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரமும் உப்பும் செய்யும் வேதிவினை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது; கடலோரத்தில் குளோரைடு உப்பு அதை மேலும் தூண்டுகிறது. மூன்றாவது ரப்பரும் பிளாஸ்டிக்கும் மூப்படைவது: ஆக்சிஜன், ஓசோன், வெப்பம் மூன்றும் சேர்ந்து ஆயில் சீல், பெட்ரோல் குழாய், வயர் உறை ஆகியவற்றை இறுக வைத்து வெடிக்கச் செய்கின்றன. தேய்மானத்தை மைக்ரோமீட்டர் காட்டும், அரிப்பைக் கண் காட்டும், ரப்பரின் முதுமையை விரல்நகம் காட்டும். பட்டியலில் நான்காவதாக மனிதக் கையையும் சேர்ப்பது நியாயம். உளி வைத்துத் தட்டிய நட்டு, பொருந்தாத மரையில் வலிந்து திருகிய போல்ட், சிலிகான் பசையால் அடைத்த ஆயில் துளை என்று முந்தைய பழுதுபார்ப்புகள் விட்டுச்சென்ற காயங்கள் பழைய புல்லட்டில் தேய்மானத்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

இதனால்தான் பிரிப்பதற்கு முன் அளப்பது முக்கியம். கழற்றியதையெல்லாம் மாற்றுவது செலவு மட்டுமல்ல, பல நேரம் பின்னடைவும்கூட. அளவு சரியாக உள்ள பழைய பாகம் சந்தையில் கிடைக்கும் தரமற்ற புதிய பாகத்தைவிட நல்ல உலோகத்தால் ஆனதாக இருக்கக்கூடும். எஞ்சின் சுற்றுகிறதா, கிக்கரில் அமுக்கம் தெரிகிறதா, சக்கரங்கள் ஒரே கோட்டில் உள்ளனவா, ஸ்விங் ஆர்மில் ஆட்டம் உண்டா ஆகியவற்றை வண்டி முழுதாக நிற்கும்போதே குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்குமுன் படம் எடுத்து, போல்ட்டுகளை அவை இருந்த பாகத்தின் பெயர் எழுதிய பைகளில் போடுவது பின்னால் பல நாள் தேடலை மிச்சப்படுத்தும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதை முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். அந்த எண்கள் பொறித்த இடத்தில் கிரைண்டரோ மணல்வீச்சோ படவே கூடாது. அழிந்த எண்ணுக்குச் சட்டத்தில் எளிய பரிகாரம் இல்லை.

கருவிகளில் ஒரு சிக்கல் உண்டு. புல்லட் பிரிட்டிஷ் வண்டியாகப் பிறந்ததால் அதில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை மூன்றும் கலந்திருக்கும். பிற்கால வண்டிகளில் மெட்ரிக் மரையும் ஆங்காங்கே நுழைந்தது. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. விட்டம் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, கோணமும் இடைவெளியும் மாறுபட்டால் போல்ட் இரண்டு சுற்று இலகுவாக ஏறும், மூன்றாவது சுற்றில் அலுமினியத்தை அறுக்கும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் நட்டின் பக்க அகலம் அல்ல, போல்ட் தண்டின் விட்டம். அதை மெட்ரிக் ஸ்பேனரோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முடியாது. கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பேனரால் முனைகள் மழுங்கிய நட்டுகள் பழைய புல்லட்டில் ஏராளம். மரை அளக்கும் கேஜ் ஒன்றும், பிரிட்டிஷ் அளவு ரிங் ஸ்பேனர் செட் ஒன்றும் முதலில் வாங்க வேண்டியவை.

இறுகிப்போன போல்ட்டின் பின்னால் இருப்பது எளிய வேதியியல். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு கூடுகிறது. மரைகளுக்கு இடையே அந்தத் துரு ஆப்பாக இறங்கிவிடுகிறது. எஃகு போல்ட் அலுமினியத்தில் இருந்தால் ஈரத்தின் முன்னிலையில் இரண்டும் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகிறது. ஊடுருவும் எண்ணெயை இரவு முழுதும் ஊறவிட்டு, பிறகு அலுமினியத்தைச் சூடாக்குவது நல்ல வழி. அதே வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடி தளர்கிறது. கிராங்க் கேஸிலிருந்து பேரிங்கை எடுக்கும் முறையும் இதுவே: கேஸை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், 62 மி.மீ. விட்டமுள்ள துளை பேரிங்கைவிட 0.05 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக விரிகிறது. இறுக்கப் பொருத்தத்துக்குப் போதுமானதைவிட இது அதிகம். கேஸைக் கவிழ்த்து மரப்பலகையில் மெல்லத் தட்டினால் பேரிங் தானாக விழும். சுத்தியலால் அடித்து எடுத்த பேரிங் தன் இருப்பிடத்தையும் சுரண்டிக்கொண்டு வரும், அடுத்த பேரிங் அங்கே நிற்காது. மரை அழிந்த அலுமினியத் துளைக்கு எஃகுக் கம்பிச்சுருள் செருகி மரையைப் புதுப்பிக்கலாம். பழைய மரையைவிட அது வலிமையானது.

எஞ்சினின் மேற்பகுதியில் முதலில் வெளிவருவது ஹெட். வால்வுகள் இருக்கையில் சரியாக அமர்கின்றனவா என்பதை அறிய, ஹெட்டைக் கவிழ்த்து எரிதல் அறையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். சில நிமிடங்களில் வால்வுத் துளையின் வழியே கசிந்தால் கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்க்க வேண்டும். வால்வு வழிகாட்டியில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வால்வு சாய்ந்தே அமரும் என்பதால் அதை முதலில் சரிசெய்வது முறை. இந்தியாவில் 2000 பிப்ரவரியிலிருந்து ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. ஈயம் அளித்த மெல்லிய உறை இல்லாமல் பழைய வால்வு இருக்கைகள் தேயும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு; ஆனால் குறைந்த வேகத்தில் சுற்றும் இந்த எஞ்சினில், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு, அது தலைபோகிற விஷயம் அல்ல.

சிலிண்டரில்தான் அளவையின் பலன் முழுதாகத் தெரியும். வார்ப்பிரும்பில் கார்பன் மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் பரவியிருக்கிறது. அவை தாமே உராய்வைக் குறைப்பதுடன், பரப்பில் விட்டுச்செல்லும் நுண்குழிகளில் ஆயிலையும் பிடித்து வைக்கின்றன. ஆனாலும் தேய்மானம் சீராக வருவதில்லை. பிஸ்டன் ரிங் மேல்முனையில் நின்று திரும்பும் இடத்தில் வேகம் பூஜ்யமாவதால் ஆயில் படலம் அறுந்துபோகிறது; வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். ஆகவே சிலிண்டர் மேற்பகுதியில் அகன்று, கீழே பழைய அளவிலேயே இருக்கும். கனெக்டிங் ராடின் சாய்வு பிஸ்டனை முன்னும் பின்னுமாகச் சுவரில் அழுத்துவதால் வட்டம் நீள்வட்டமாகவும் மாறுகிறது. மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில், போர் கேஜால் அளந்தால் ஆறு எண்கள் கிடைக்கும். சிலிண்டரின் வரலாறு அவற்றில் உள்ளது. கேஜ் இல்லாதவர் சிலிண்டரை லேத் பட்டறைக்கு எடுத்துச்சென்றே அளந்து வர வேண்டும். கண்ணால் பார்த்து ‘போர் நல்லா இருக்கு’ என்று சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பு இல்லை.

தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, 20 அல்லது 40 ‘தவு’ கூடுதல் அளவுள்ள பிஸ்டன் போடுவது வழக்கம். ஒரு ‘தவு’ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. இங்கே பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடவேண்டிய இடைவெளி உயிர்நாடி. அலுமினியம் ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. வார்ப்பிரும்பு 11 பங்கு மட்டுமே. 70 மி.மீ. பிஸ்டனின் வெப்பம் 150 டிகிரி உயர்ந்தால் அது 0.24 மி.மீ. அகலமாகும். சிலிண்டர் காற்றில் குளிர்வதால் 100 டிகிரிதான் உயரும் என்று கொண்டால் அதன் உள்விட்டம் 0.08 மி.மீ. அளவே கூடும். வித்தியாசத்தை முழுவதும் இடைவெளியாக விட்டால் குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் தடதடக்கும். அதனால்தான் பிஸ்டன் முழு உருளையாகச் செய்யப்படுவதில்லை: தலைப்பக்கம் சிறுத்தும் பாவாடைப் பகுதி சற்று நீள்வட்டமாகவும் கடையப்பட்டு, பாவாடையின் அடிப்பக்கத்தில், பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மட்டுமே உண்மையான விட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் அளந்து, பிஸ்டன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளிக்கு ஏற்பக் குடையச் சொல்ல வேண்டும். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் சிலிண்டரை மட்டும் பட்டறையில் விட்டுவருவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

குடைந்த பின் ஹோனிங் கல்லால் குறுக்குக் கோடுகள் இழுக்கப்படுகின்றன. அந்தக் கோடுகளில் ஆயில் தங்கும். கோடுகளின் முகடுகளை ரிங் தேய்த்துத் தனக்கேற்ற பரப்பை உருவாக்கிக்கொள்ளும். புதிய எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதன் பொருள் இதுதான். நிதானம் என்பது ஒரே வேகத்தில் ஊர்வதல்ல. மிதமான சுமையை அவ்வப்போது ஏற்றி இறக்கினால்தான் எரிந்த வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பதியச் செய்யும். நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவதால் காற்று பட்டுக் குளிர வேண்டிய எஞ்சின் சூடேறுவதுதான் மிச்சம்.

அடிப்பகுதியில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு கனத்த ஃபிளைவீல்களும் ஒரு கிராங்க் பின்னும் சேர்ந்த கூட்டு அமைப்பு. பின்னின்மேல் உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் புஷ் ஒன்று சுழல்கிறது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. ஆட்டம் இருந்தால் கிராங்க்கைப் பிரித்து, புஷ்ஷை மாற்றி, இரு முனைகளுக்கிடையே சுழற்றி டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும். இதற்கென்று பழகிய பட்டறையிடம் கொடுத்துவிடுவதே விவேகம். வீட்டில் செய்யத்தக்க வேலைகளின் எல்லை இங்கே முடிகிறது.

ஆயில் ஓடும் விதம் இந்த எஞ்சினின் தனித்தன்மை. தனியாக ஆயில் டேங்க் கிடையாது. கிராங்க் கேஸோடு சேர்த்து வார்த்த அறையில் சுமார் இரண்டு லிட்டர் ஆயில் இருக்கிறது. வலப்பக்க டைமிங் கவருக்குள் உள்ள இரண்டு சிறு பம்புகளில் ஒன்று ஆயிலைக் கிராங்க்குக்கு அனுப்ப, மற்றொன்று வடிந்ததைத் திரட்டித் திருப்புகிறது. பம்பின் வட்டுகள் கேஸோடு ஒட்டிச் சுழல்வதால் அந்தப் பரப்புகள் கண்ணாடிபோல் சமதளமாக இருக்க வேண்டும்; மெல்லிய பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பொருத்துவது பொறுமையான கைவேலை. வண்டி வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்பைத் தாண்டி மெல்ல வழிந்து கிராங்க் இருக்கும் பள்ளத்தில் தேங்கும். அப்போது குச்சியில் பார்த்தால் ஆயில் குறைந்ததாகத் தோன்றும். ஏமாந்து மேலும் ஊற்றினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மிகுதி முழுவதும் காற்றுக் குழாய் வழியே வெளியே பீய்ச்சும். ‘புல்லட் என்றால் ஆயில் ஒழுகும்’ என்ற புகழில் ஒரு பங்கு இப்படி வந்தது. பிரித்துப் பூட்டிய எஞ்சினை முதன்முறை உயிர்ப்பிக்கும்போது, ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைத் தளர்த்தி ஆயில் கசிகிறதா என்று பார்த்த பிறகே தொடர்ந்து ஓடவிட வேண்டும்.

டேப்பெட் அளவில் புல்லட் பிற வண்டிகளிலிருந்து மாறுபடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி பூஜ்யம்: பிஸ்டன் அமுக்கத்தின் மேல்முனையில் நிற்கும்போது புஷ் ராடை விரல்களால் தடையின்றி உருட்ட முடிய வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சூடேறும்போது சிலிண்டரும் ஹெட்டும் உயர, தேவையான இடைவெளி தானாகப் பிறக்கிறது. சூடான எஞ்சினில் இந்த அளவை வைத்தால், குளிர்ந்ததும் வால்வு மூடாமல் நின்றுவிடும்.

தீப்பொறியின் வேலை பாயிண்ட், கண்டன்சர், காயில் மூன்றிடம் உள்ளது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்னோட்டம் காயிலின் முதன்மைச் சுற்றில் பாய்ந்து காந்தப்புலத்தை எழுப்புகிறது. கேம் பாயிண்ட்டைத் திறந்ததும் ஓட்டம் அறுந்து புலம் சரிகிறது. அந்தச் சரிவின் வேகம் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டாக வெளிப்பட்டு பிளக்கில் தாவுகிறது. கண்டன்சர் இல்லையென்றால் மின்னோட்டம் திறக்கும் பாயிண்ட்டின் இடைவெளியிலேயே தாவி, புலம் மெதுவாகச் சரிந்து, பொறி பலவீனமாகும். பாயிண்ட்டும் கருகிக் குழிவிழும். எனவே குழிவிழுந்த பாயிண்ட்டை மாற்றும்போது கண்டன்சரையும் சேர்த்தே சந்தேகிப்பது சரி. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் இடைவெளி முதலில், டைமிங் அடுத்தது. பாயிண்ட்டின் குறுக்கே ஒரு சிறு பல்பை இணைத்தால் அது திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில் பிஸ்டன் மேல்முனையை அடைய எத்தனை மில்லிமீட்டர் மீதமிருக்கிறது என்பதை பிளக் துளை வழியே அளக்கலாம். வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னகர்த்தும் அட்வான்ஸ் எடை சுருங்கிய நிலையில் இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிகமானால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

ஹெட்லைட் மேல் உள்ள ஆம்மீட்டர் இதே பல்பின் வேலையைச் செய்கிறது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அமுக்கினால் பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாய்ந்து, திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். கால் தடையை உணரும் இடத்தில் முள் நடுவில் நின்றால் பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியை நெருங்கிவிட்டது. அமுக்கத்தை வெளியேற்றும் இடக்கைப் பக்கத்து டீகம்ப்ரஷன் லிவரை இழுத்து அந்த உச்சியைச் சற்றே கடக்க வைத்து, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே முழு உதை. அடுத்த அமுக்கம் வருவதற்குள் கனத்த ஃபிளைவீல் வேகம் பிடித்துவிடும். பலசாலிகளுக்குக் கிளம்பாத புல்லட் மெலிந்த முதியவருக்கு ஒரே உதையில் கிளம்புவதன் ரகசியம் இவ்வளவே.

கார்புரேட்டரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆக்சிலேட்டரின் முதல் எட்டில் ஒரு பங்குக்கு பைலட் ஜெட். அதன்பின் சிறிது தூரம் ஸ்லைடின் சாய்வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். கோளாறு எந்த நிலையில் வருகிறது என்பதை ஆக்சிலேட்டர் பிடியில் ஒட்டிய டேப்பில் குறித்தால் எந்தப் பகுதியைத் தொட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். நீண்ட நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறி பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். அதைக் கம்பியால் குத்தாமல் கரைப்பானில் ஊறவிட்டுக் காற்றால் ஊத வேண்டும், துளையின் விட்டமே அதன் அளவு.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்குப் புதிய கேள்விகளைக் கொண்டுவந்துள்ளது. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கொண்ட இ20 பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோ தூய பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவையின் கணக்கு சுமார் 13.5 வருகிறது. புதிய வண்டிகளில் சென்சார் பார்த்து கணினி எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும்; கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே பழைய ஜெட்டோடு இ20 ஊற்றினால் கலவை 8 விழுக்காடு அளவுக்கு மெலிந்து எஞ்சின் சூடேறும். ஊசியை ஒரு காடி உயர்த்துவதும், பிளக்கின் நிறம் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவதும் போதிய தீர்வுகள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் உப்பவைக்கும், டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமும் அதற்கு உண்டு. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, டேங்கின் மிகத் தாழ்ந்த மடிப்பை அரிக்கத் தொடங்கும்.

டேங்கில் அப்படி வந்த துருவை எடுக்கும் பல வழிகளில் மின்பகுப்பு மென்மையானது, ஏனெனில் நல்ல இரும்பை அது தின்பதில்லை. டேங்கைப் பலமுறை கழுவிப் பெட்ரோல் ஆவி முற்றிலும் போன பிறகு, சலவைச் சோடா கரைத்த நீரால் நிரப்ப வேண்டும். மூடியின் வழியே ஓர் இரும்புக் கம்பியை, டேங்கின் சுவரைத் தொடாதபடி, தொங்கவிட்டு அதை பேட்டரி சார்ஜரின் நேர்முனையிலும் டேங்கை எதிர்முனையிலும் இணைத்தால், டேங்கின் பரப்பில் துரு குறைக்கப்பட்டுத் தளர்ந்து உதிர்கிறது. நேர்முனைக் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுச் சேர்மமாக மாறும். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் சார்ஜரை நிறுத்திவிட வேண்டும். சுத்தமான இரும்பு ஈரக்காற்றில் நிமிடங்களில் மீண்டும் பழுப்பாகும். உடனே கழுவி, நன்றாக உலர்த்தி, சிறிது ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே குலுக்கி வைக்க வேண்டும்.

சேசிஸ், சக்கரம், பிரேக் ஆகியவற்றில் மர்மம் குறைவு. இரு சக்கரங்களை ஒட்டி நூல் பிடித்தால் சேசிஸின் கோணல் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பட்டன் தேயாமலிருந்தாலும் பத்தாண்டைக் கடந்த டயரை நம்பக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதால் டிரம்மின் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது கட்டாயம்.

குரோமியப் பூச்சின் பளபளப்பு ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத தடிமன் கொண்டது. இரும்பைக் காப்பது அதன் கீழுள்ள நிக்கல். மேலே புள்ளியாய்த் தெரியும் துருவை நீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தே போக்கலாம். உரிந்து எழும்பியிருந்தால் மறுபூச்சுதான் வழி. இரு பகுதிப் பெயின்ட்டின் கெட்டியாக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குத் தீங்கானது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அதை ஸ்ப்ரே செய்யும் வேலையைத் தகுந்த கூடத்துக்கு விட வேண்டும். புல்லட் டேங்கின் தங்கக் கோடுகள் தொழிற்சாலையில் தூரிகையால் கையாலேயே வரையப்பட்டவை. பாதி மங்கினாலும் அந்த அசல் கோடுகள் எஞ்சியிருந்தால், அவற்றின்மேல் புதுப் பெயின்ட் அடிப்பதைவிட மெழுகு பூசி அப்படியே காப்பது மேல்.

ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவுமுறை கொண்டுவந்தது. சேசிஸ், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண் தரப்படுகிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 5,000 ரூபாய். இந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத் தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. தினமும் அலுவலகம் போக நினைப்பவர் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்கும் வழக்கமான பதிவிலேயே இருப்பதுதான் வசதி.

ஓடத் தொடங்கிய வண்டியின் பராமரிப்பில் முதலிடம் ஆயிலுக்கு. வடிகட்டி எளிய ஃபெல்ட் துணியால் ஆனது என்பதால், 20டபிள்யூ-50 ஆயிலை இன்றைய வண்டிகளைவிட அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பது நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் அது கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. முழுச்சூடு ஏறாத எஞ்சினில் ரிங்கைத் தாண்டி இறங்கும் ஆவி கிராங்க் கேஸிலும் சைலன்சரிலும் குளிர்ந்து நீராகி, ஆயிலை மோர் நிறத்துக்கு மாற்றி, அமிலத்தோடு சேர்ந்து அரிக்கிறது. மாதம் ஒருமுறையானாலும் அரை மணி நேரச் சாலை ஓட்டம் அந்த ஈரத்தை வெளியேற்றும். அதுவும் முடியாமல் மழைக்காலம் முழுதும் நிறுத்த வேண்டியிருந்தால், ஆயிலை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்து, பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டுச் சுற்றி, இரு வால்வுகளும் மூடியிருக்கும்படி பிஸ்டனை அமுக்க உச்சியில் நிறுத்த வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்து, அது 12 வோல்ட் வகை என்றால் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் சார்ஜ் ஏற்ற வேண்டும். இறங்கிய நிலையில் விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகிவிடும். மீண்டும் எடுக்கும் நாளில் பிளக்கைக் கழற்றி, டீகம்ப்ரஷன் லிவரை இழுத்துப் பிடித்தபடி கிக்கரைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக அமுக்கினால் ஆயில் மேலேறும். ஆயில் குச்சியை எஞ்சின் ஓடி நின்ற பிறகே பார்க்க வேண்டும்.